பந்தும் மணல் வீடும்

ராஜபாளையத்தில் யாரும் "கடலில் விளையாடப் போகிறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. திருச்செந்தூருக்குச் சாமி கும்பிடப் போவார்கள். மில்லுக்கு லீவு விட்டால், முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடினால், விடியற்காலையில் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். சீட்டுக்கடியில் புளியோதரைத் தூக்குவாளி, மாற்றுத் துணி மூட்டை, அந்த மூட்டைக்குள் பெரியவர்கள் கண்ணில் படாமல் செருகிய ஒரு ரப்பர் பந்து. சங்கரன்கோவில் தாண்டி, திருநெல்வேலி தாண்டி, பனைமரங்கள் கூடக்கூடப் பிள்ளைகள் ஜன்னலோரம் நெருக்குவார்கள். கோபுரம்தான் முதலில் தெரியும். ஆனால் வண்டிக்குள் கூச்சல் எழுவது கோபுரத்துக்குப் பின்னால் கடல் தெரியும்போதுதான். இருந்தாலும் ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டியது, "தரிசனம் நல்லாக் கெடைச்சது" என்பது. கடலைப் பற்றி அவர்களும் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம்.

அங்கே போனாலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கடலில் முங்க வேண்டும். பிறகு நாழிக்கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். இத்தனை பக்கத்தில் உப்புக் கடல் இருக்க, அந்தச் சின்னக் கிணற்றில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று ஒரு தடவை வியந்துகொள்ள வேண்டும். பிறகு ஈரத்தலையோடு சந்நிதி. என் ஆச்சி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. முருகன் வாசலில் நின்றாலும் அவள் வாய் பெருமாள் பேரைத்தான் முணுமுணுக்கும். மூன்று முங்கு முடிந்ததும் கரையிலிருந்து குரல் வந்துவிடும்: "போதும், ஏறி வாங்கடி. தீர்த்தத்துல என்ன வெளாட்டு?"

அந்தக் கேள்வி என்னோடேயே வந்துவிட்டது. பிழைப்பும் அப்படி அமைந்தது. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வேலையில் பாதி, விளையாடச் சொல்லிக்கொடுப்பது. மீதிப் பாதி, எதற்காக விளையாட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சமாதானம் சொல்வது. உடம்புக்கு நல்லது என்போம். கட்டுப்பாடு வரும் என்போம். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும், ரயில்வேயில் கிடைக்கும் என்போம். இது எல்லாமே உண்மைதான். ஆனால் மைதானத்தில் நிற்கிற எந்தப் பிள்ளையும் இதற்காக விளையாடுவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வு நெருங்கினால் விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். விளையாட்டுக்குப் பயன் இருக்கிறது என்று நாமே வாதாடியிருக்கிறோமே, அதைவிடப் பெரிய பயன் ஒன்று வந்து நின்றால் வழிவிடத்தானே வேண்டும்? பயனைக் காட்டி வாங்கிய இடத்தைப் பயனைக் காட்டியே பிடுங்கிவிடலாம்.

பள்ளி வாலிபால் அணியைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போகும் வழக்கம் எனக்கு இருந்தது. அதற்கும் காரணம் எழுதித்தான் அனுமதி வாங்குவேன். காரணம் பொய்யில்லை. உலர்ந்த மணலில் குதித்துப் பழகினால் கெண்டைக்கால் கெஞ்சும், ஆனால் சிமெண்ட் தரையில் வந்து குதிக்கும்போது உடம்பு பஞ்சாக எழும்பும். ஓடுவதற்கு மட்டும் அலை நனைத்துப் போன ஈர மணல். விழுந்தால் அடிபடாது என்பதால், பந்துக்குப் பாய்ந்து விழப் பயப்படுகிற பெண்கள் அங்கே ஒரே காலையில் பயம் தெளிந்துவிடுவார்கள். தண்ணீரில் மட்டும் முழங்காலுக்கு மேலே அனுமதி இல்லை. அலை திரும்பும்போது காலடி மண்ணை அறுத்துக்கொண்டு போவதைக் கவனிக்கச் சொல்வேன். இழுத்துக்கொண்டு போனால் கரையைப் பார்த்து முட்டி மோதாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்பு என்று பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கடல் நம்மோடு விளையாடுகிறது என்பது கரையில் உட்கார்ந்திருப்பவர்களுடைய பேச்சு.

பயிற்சி முடிந்து, இட்லிப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு, இனி உங்கள் நேரம் என்று விட்டுவிட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா? பிளஸ் டூ படிக்கிற, வலைக்கு மேலே கை நீட்டி அடிக்கிற பெண்கள், சம்மணம் போட்டு உட்கார்ந்து மணல் வீடு கட்டுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஈர மணலைக் குழைத்துச் சுவர், சோழிகளால் வாசல், பனையோலைக் கீற்றில் கூரை. சுற்றிலும் ஊரே கூடியிருக்கும். நடுவயதுப் பெண்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று அலைக்குக் குதிப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் கபடி ஆடுவார்கள். வீட்டில் குரலே உயர்த்தாத ஒரு மாமியார் அலை விளிம்பில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு அலைக்கும் வாய்விட்டுச் சிரிப்பார். தீர்த்தமாட வந்தவர்கள்தான் எல்லோரும். அங்கேயிருந்து கொஞ்சம் வடக்கே காயல்பட்டினத்தில் சாயங்காலமானால் கால்பந்து. அந்த ஊருக்கே கால்பந்துப் பைத்தியம். தெற்கே மணப்பாட்டில், 1542-இல் சேவியர் வந்து தங்கியதாகச் சொல்லும் குகைக்கு மேலே சிலுவைக் கோயில். அதன் கீழே வளைந்து கிடக்கும் மணல்திட்டை ஒட்டி, காற்றில் பெரிய பட்டம் பிடித்துப் பலகைமேல் நின்று நீரில் சறுக்குகிறவர்களை இப்போது பார்க்கலாம்.

ஒரு நாள் எங்கள் அணியின் உயரமான பெண் கட்டிய வீட்டை அலை வந்து வழித்துக்கொண்டு போனது. அவள் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, கடலைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய், அழுகுணி ஆட்டம்!" எல்லோரும் சிரித்தோம். ஆச்சி வீட்டில் பிறந்த எனக்கு அது ஒரு பாட்டை நினைவுபடுத்தியது.

இங்கே ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடல் கிடையாது. மேற்கே செண்பகத்தோப்பு, அதற்கு மேலே மலை, அணில் சரணாலயம். ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஓர் அய்யனார் கோயில் ஆறு, அதுவும் மழை பெய்தால். ஆனால் எங்கள் பெருமாள் படுத்திருப்பது கடலில். வடபத்ரசாயி: உலகமெல்லாம் முங்கிப்போன ஊழி வெள்ளத்தில் ஆலிலைமேல் குழந்தையாக மிதக்கிறவர். பதினோரு நிலைக் கோபுரத்தைக் கட்டி நிறுத்தி, அதற்குள்ளே ஒரு மிதக்கும் குழந்தையை வைத்திருக்கிறோம். அந்தக் கோயிலுக்குப் பூக்கட்டின பெரியாழ்வாரின் வீட்டுத் துளசித் தோட்டத்தில் கிடைத்த பெண் ஆண்டாள், கடலைக் கண்ணால் பார்த்தாளோ இல்லையோ, கடலையும் மணலையும் அப்படிப் பாடியிருக்கிறாள்.

அவளுடைய நாச்சியார் திருமொழியில் 143 பாட்டு. அதில் இரண்டாம் பதிகம் முழுக்க மணல் வீடு. சிறுமிகள் தெருவில் வெள்ளை நுண்மணலைக் கொழித்துச் சிற்றில் கட்டுகிறார்கள். கண்ணன் வந்து காலால் அழிக்கிறான். அழிக்காதே, அழிக்காதே என்று பாட்டுக்குப் பாட்டு மன்றாடுகிறார்கள். மூன்றாம் பதிகத்தில் விடியுமுன் குளத்தில் இறங்கிக் குளிக்கிறார்கள். அவன் சேலைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடுகிறான். தண்ணீருக்குள் மீன் காலைக் கடிக்கிறது. நாலாம் பதிகம் கூடல் இழைத்தல், கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் போட்டு, முனையும் முனையும் சேர்ந்தால் அவன் வருவான் என்று பார்க்கிற ஆட்டம். தீர்த்தத்தில் என்ன விளையாட்டு என்று கேட்ட ஆச்சிக்கு இவை எல்லாமே மனப்பாடம். மார்கழியில் ஆண்டாள் திருமுக்குளக்கரை மண்டபத்துக்கு எழுந்தருளி எண்ணெய்க் காப்பு கண்டருளும் நாட்களில் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவள் பேத்திகள் கடலில் நாலாவது முங்கு போடக்கூடாது, அவ்வளவுதான்.

சாமிக்கு மட்டும் நாம் விளையாட்டை மறுப்பதே இல்லை. ஊஞ்சல் உண்டு, தெப்பம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் குதிரை வாகனத்தில் வளைந்து வளைந்து ஓடுகிற வையாளி உண்டு. எங்கள் ஊர் ஆடிப்பூரத்தில், தேருக்கு முன்னால், ரங்கமன்னார் ஆண்டாள் மடியில் தலைவைத்துப் படுக்கிற சயன சேவை உண்டு. அந்த நாளில் சந்நிதித் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. எதற்காக என்று யாராவது கேட்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள். இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு மார்கழியில் உபன்யாசம் கேட்கப் போனபோது பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து ஒரு விவாதத்தை எடுத்துச் சொன்னார் பெரியவர். ஒருவர் ஒரு காரியம் செய்தால் அதில் ஒரு பயன் இருக்க வேண்டும். கடவுளுக்கு எந்தக் குறையுமில்லை, அதனால் எந்தப் பயனும் வேண்டியதில்லை. அப்படியானால் உலகத்தை ஏன் படைத்தார்? பயனில்லாமல் படைத்தார் என்றால் அவர் விவரமில்லாதவர் ஆகிவிடுவார். பயனுக்காகப் படைத்தார் என்றால் குறையுள்ளவர் ஆகிவிடுவார். சூத்திரம் சொல்லும் பதில்: விளையாட்டு. சங்கரர் இதற்கு ஆசையெல்லாம் நிறைவேறிய அரசனின் பொழுதுபோக்கையும், நாம் மூச்சு விடுவதையும் உதாரணம் காட்டுகிறார். ராமானுஜர் காட்டுவது பந்து. ஏழு தீவையும் கட்டி ஆள்கிற பேரரசன், வீரத்திலும் பலத்திலும் எந்தக் குறையுமில்லாதவன், பந்தை எடுத்துக்கொண்டு விளையாடுகிறான். அதில் விளையாட்டைத் தவிர வேறு பயனே கிடையாது.

தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தொழிலுக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைப்பார் என்று நான் நினைத்ததில்லை. உடம்பு, கட்டுப்பாடு, போலீஸ் வேலை எதுவுமே வேண்டாம். குறையில்லாதவன் செய்யத் தகுந்த ஒரே காரியம் விளையாட்டு என்று வேதாந்தமே சொல்கிறது! நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த காலத்தில் ஹாலந்துக்காரர் ஹுய்சிங்கா 1938-இல் எழுதிய ஒரு புத்தகத்தைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். விளையாட்டு நாகரிகத்தின் விளைவு இல்லை, நாகரிகத்துக்கும் மூத்தது என்பது அவர் கட்சி. ராமானுஜர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். உலகத்துக்கே மூத்தது என்கிறார். கம்பரும் தம் ராமாயணத்தின் முதல் பாட்டிலேயே படைப்பதும் காப்பதும் அழிப்பதும் அவனுடைய விளையாட்டு என்றுதான் தொடங்குகிறார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சந்தோஷம் குறைந்துகொண்டே வந்தது. அவன் விளையாடுகிறான், சரி. அந்தப் பந்து யார்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி மாதம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணிக் கடற்கரை நிறைய யாத்திரிகர்கள். சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மீன்பிடிக் குப்பங்களில் செத்ததில் குழந்தைகள் எத்தனையோ. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடற்கரையில் குழந்தைகள் வேறென்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்? அந்த வாரம் நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. இதை விளையாட்டு என்று சொல்கிற வாய் எது என்று எனக்குக் கோபமாக இருந்தது.

சூத்திரகாரர் இந்தக் கேள்வியை மறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு என்று சொன்ன கையோடு, அடுத்த சூத்திரமே பட்சபாதம், இரக்கமின்மை என்ற இரண்டு குற்றச்சாட்டையும் எடுத்துக்கொள்கிறது. ஒருவனை மாடியிலும் ஒருவனைக் குப்பையிலும் வைக்கிறானே, இவ்வளவு துன்பத்தைக் கொடுக்கிறானே, இது தகுமா? பதில், அவரவர் வினை. மழை எல்லா விதைக்கும் ஒன்றுபோலத்தான் பெய்கிறது, முளைப்பது விதையைப் பொறுத்தது என்று சங்கரர் விளக்குவார். தர்க்கமாகப் பார்த்தால் ஓட்டையே இல்லை. ஆனால் இந்தப் பதிலைக் கொண்டுபோய் நாகப்பட்டினத்து அக்கரைப்பேட்டையில் ஒரு தாயிடம் சொல்ல என்னால் முடியாது. உங்களாலும் முடியாது. ஒருவரிடம் நேரில் சொல்ல வெட்கப்பட வேண்டிய பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் எனக்கு அது பாதிப் பதில்தான்.

மறுபாதிக்கு நான் அண்ணனை விட்டுத் தங்கையிடம் போனேன். அண்ணன் தங்கை என்று நான் சும்மா சொல்லவில்லை. அழகர்கோயில் பெருமாளுக்கு நூறு தடா அக்காரவடிசிலும் நூறு தடா வெண்ணெயும் படைப்பதாக ஆண்டாள் பாட்டில் வேண்டிக்கொண்டாள், பல தலைமுறை கழித்து வந்த ராமானுஜர் அதைச் செய்து நிறைவேற்றினார். அவர் வில்லிபுத்தூருக்கு வந்தபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்ததாகச் சம்பிரதாயம். திருப்பாவை ஜீயர் என்றே அவருக்கு ஒரு பேர். அந்த அண்ணன் கையில் பந்து. தங்கை கையில் மணல். விளையாட்டு என்ற ஒரே விஷயத்தை இரண்டு பேரும் எதிரெதிர் ஓரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அவர் உலகத்தை அரசனின் பக்கமிருந்து பார்த்துச் சொல்கிறார். இவள் மிதிபட்ட வீட்டின் பக்கமிருந்து.

அந்தப் பதிகத்தை ஒரு வாதமாக எடுத்துப் படித்துப் பாருங்கள். முதுகு நோக நாள் முழுக்க உட்கார்ந்து இழைத்தது இது, கண்ணாரப் பார்க்கக்கூட விடவில்லையே என்பது முதல் வாதம், உழைப்பைக் காட்டுகிறாள். கடலை அடைத்து அணை கட்டி இலங்கையை அழித்தவன் நீ, உனக்கு எங்கள் மணல் வீடுதானா கிடைத்தது என்பது அடுத்தது. எதிரியின் தகுதியைச் சொல்லிக் கூச வைக்கிறாள். அழித்தாலும் எங்கள் நெஞ்சு உருகுமே ஒழிய உன்மேல் கோபம் வராது என்று ஓரிடத்தில் இறங்கி வருகிறாள். உடனே ஏறிவிடுகிறாள்: முற்றத்துக்குள்ளே நுழைந்து சிரித்த முகத்தைக் காட்டி, வீட்டோடு சேர்த்து எங்கள் மனசையும் உடைக்கப் பார்க்கிறாயா? எங்களைப் பிடித்து இழுத்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு விசில் சத்தமாகக் கேட்டது. பக்கத்தில் நிற்கிறவர்களைக் கூப்பிடுகிறாள் பாருங்கள். ஆட்டத்துக்கு வெளியே இருந்து பார்க்கிறவர்கள் வேண்டும், தப்பாட்டம் என்று சொல்ல ஆள் வேண்டும் என்கிறாள். பந்து எந்த நாளும் அப்படிக் கேட்காது. பந்துக்கு முதுகு வலிக்காது, வலித்தாலும் சொல்லாது. மைதானத்தில் நின்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்று இருக்கிறது: ஆடுகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தால்தான் அது ஆட்டம். ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த ஆட்டத்துக்கு வேறு பேர். பெரிய வகுப்புப் பெண்கள் சேர்ந்து சின்னப் பெண்ணின் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். கேட்டால், "சும்மா வெளாட்டுக்கு டீச்சர்" என்பார்கள். அவள் அழுதுகொண்டு நிற்பாள். அங்கே விளையாட்டு கிடையாது. ஆண்டாள் செய்தது, அழுதுகொண்டு நிற்கிற அந்தச் சின்னப் பெண்ணை எதிரணியாக மாற்றி நிறுத்தியது. நான் உன் பந்து இல்லை. எனக்கும் இந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் உண்டு. நீ செய்வது அழுகுணி ஆட்டம்.

பெரியவாச்சான் பிள்ளையின் உரையில் இந்தப் பதிகத்துக்குச் சொல்லும் பின்னணி அழகானது. முதல் பதிகத்தில் இந்தப் பெண்கள் கண்ணனை அடைவதற்காகக் காமதேவன் காலில் விழுந்துவிட்டார்கள். நம்மை விட்டு வேறொருவன் காலில் விழும்படி ஆகிவிட்டதே என்று கண்ணனுக்கு வருத்தம். பக்கத்தில் வருகிறான். இத்தனை நாள் வராதவன்தானே என்று அவர்கள் முகம் கொடுக்காமல், குனிந்த தலை நிமிராமல் மணலில் வீடு கட்டுகிறார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை, காலால் எத்திவிடுகிறான். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை கோட்டை அழித்துவிட்டு ஓடுவதை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கலாம். உரைகாரர்கள் கடவுளுக்கு இந்தச் சின்னத்தனத்தைக் கொடுக்கத் தயங்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். அவனுக்கும் நம்மோடு சேர்ந்து ஆட வேண்டியிருக்கிறது என்றால், குறையே இல்லாத அந்த அரசனுக்கு ஒரு குறை கண்டுபிடித்துவிட்டார்கள்.

திருச்செந்தூருக்கும் இதில் பங்குண்டு. பகழிக்கூத்தர் வைணவர் என்றும், வயிற்றுவலி தீர்ந்ததற்காகச் செந்தில் முருகன்மேல் பிள்ளைத்தமிழ் பாடினார் என்றும் சொல்வார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழ் என்றால் சிற்றில் பருவம் கட்டாயம். ஆக அந்தக் கடற்கரையிலும் சிறுமிகள் முருகனிடம் மணல் வீட்டை மிதிக்காதே என்று கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சூரனை வதைத்த கால், சோழி பதித்த வாசலை மிதிக்கிறது. சைவமோ வைணவமோ, தமிழில் பெருந்தெய்வம் என்றால் ஒரு சிறுமியின் வீட்டை உடைத்து அவளிடம் ஏச்சு வாங்கியிருக்க வேண்டும்.

கடலையும் அவள் விடவில்லை. பத்தாம் பதிகத்தில் கடலைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். உன்னைக் கடைந்து கலக்கி உன் உள்ளே புகுந்து அமுதத்தை எடுத்துக்கொண்டு போனானே, என் உடம்புக்குள்ளும் புகுந்து அதையேதான் செய்தான் என்கிறாள். ஆகக் கடலும் அடிபட்ட பக்கம்தான். அந்த டிசம்பரில் கடல் அடித்தது என்று எல்லோரும் கடலை ஏசினோம். அடியில் நிலம் பிளந்ததற்குக் கடல் என்ன செய்யும்? ஆண்டாள் கணக்கில் கடல், அவளைப் போலவே அவன் கையில் சிக்கிய இன்னொருத்தி.

இந்த ஆட்டத்தை ஊரோடு சேர்ந்து ஆடுகிற இடம் ஒன்று காரைக்கால் பக்கம் இருக்கிறது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குப் போகிறார். மீனவர் குலத்துப் பத்மினி நாச்சியாரைக் கட்டியவர் அவர் என்பது அங்கத்திய நம்பிக்கை. அதனால் மீனவர்கள் அவரை "மாப்பிள்ளை" என்று கூவித்தான் வரவேற்கிறார்கள். தோளில் தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். தீர்த்தவாரி என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். பார்த்தால், மாமனார் ஊர்க் கடலில் மாப்பிள்ளையை இறக்கி ஆட்டம் போடுகிறார்கள் என்றுதான் தோன்றும். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளலாம், கேள்வி கேட்கலாம். பேரரசனிடம் அது நடக்காது. நாகப்பட்டினத்துக்கு அத்தனை பக்கத்தில் இருக்கிற ஊர் அது. அங்கே உள்ளவர்கள் அந்த அலைக்குப் பிறகும் மாசி மாதம் கடற்கரைக்குப் போகிறார்கள் என்றால், வினைப்பயன் என்ற சமாதானம் மனசில் இறங்கியதால் போகிறார்கள் என்று நான் நம்பவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்பதால்கூட இருக்கலாம்.

மீனவப் பிள்ளைகள் கடலை வேலைக்களமாக மட்டுமே பார்த்த காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்துக் குப்பத்துப் பையன்கள் அலைச்சறுக்குப் பலகையில் ஏறி நிற்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. கட்டுமரத்தில் அப்பாவோடு போனபோது எந்த அலையை ஒதுக்கப் பார்த்தார்களோ, அதே அலைக்காக இப்போது காத்துக் கிடக்கிறார்கள். அலை உடைவதற்குச் சற்று முன்னால், அதன் தோளில் எழுந்து நிற்க வேண்டும். ஒரு கணம் தப்பினால் தலைகீழாகப் புரட்டிவிடும். புரட்டிய பிறகு எழுந்து வந்து கடலைத் திட்டுவார்கள், மறுபடியும் பலகையோடு உள்ளே போவார்கள். இதில் போலீஸ் வேலை கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்கலாம். அதற்காகப் போகிறார்களா என்று கேட்டால், அந்த முகங்களைப் பார்த்தால் தெரியும்.

இதையெல்லாம் ஒரு ஆடிப்பூரத்தின்போது அந்த உபன்யாசகரிடமே கொட்டினேன். தேர் நிலைக்கு வந்துவிட்டது. தெரு முழுக்கப் பால்கோவாக் கடைக் கூட்டம். மண்டபத்துத் திண்ணையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சாமி, அவன் விளையாடுறான்னு நீங்க சொன்னது சரி. ஆனா விளையாட்டுன்னா எதிர்ப்பக்கம் ஒண்ணு வேணும். எதிர்ப்பக்கத்துக்குக் கத்துற உரிமை வேணும். அது இல்லேன்னா அவன் பண்றது விளையாட்டே இல்லை. ஆண்டாள் அந்த உரிமையைத்தான் எடுத்துக் குடுத்திருக்கா. செத்துப்போன பிள்ளைக்காக ஒரு தாய் அவனைத் திட்டினா அது நாஸ்திகம் இல்ல, அவ ஆட்டத்துலதான் இருக்கா. இப்படிச் சொல்லலாமா?"

கொஞ்ச நேரம் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "டீச்சரம்மா, பதில் நன்னா இருக்கு. ஆனா ராஜா பந்தைத் தனியாக்கூட ஆடலாமே? எதிர்ப்பக்கம் வேணும்னு பாஷ்யத்துல இல்லையே" என்றார்.

"தனியா ஆடுறவனுக்கு அலுத்துப்போகும் சாமி. அதனாலதானே வந்து எத்துறான்?"

சிரித்துவிட்டார். இதற்குச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்றார். தேடட்டும். மார்கழிக்கு எண்ணெய்க் காப்பு உற்சவத்தின்போது வருவார், அப்போது கேட்டுக்கொள்கிறேன்.